எந்தக் கடனை முதலில் அடைப்பது?

சம்பளம் வந்ததும் வாடகை, மளிகைக் கடை பாக்கி, குழுத் தவணை, அடகு வட்டி என்று பிரிந்துபோய், மாதத்தின் பின்பாதியில் கையில் பணமில்லாமல் நிற்கும் குடும்பம் கடனிலிருந்து மீள முதலில் என்ன செய்ய வேண்டும்? செலவைச் சுருக்குவதா, வட்டி குறைந்த இடத்துக்கு மாறுவதா, கணக்கு எழுதத் தொடங்குவதா, இருக்கும் கடன்களில் ஒன்றைத் தேர்ந்து ஒழிப்பதா? அறநூலார் முதல் வெள்ளைக்கார அதிகாரிகள், கூட்டுறவு இயக்கத்தார், பொருளியலாளர், உளவியலாளர் வரை பலரும் இதற்கு விடை சொல்லியிருக்கிறார்கள்.

கேள்வி சிறியதல்ல. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய கடன், முதலீட்டுக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் ஊரகக் குடும்பங்களில் 35 சதவீதமும் நகர்ப்புறக் குடும்பங்களில் 22.4 சதவீதமும் கடனில் இருந்தன. தென்மாநிலங்களில் இந்த விகிதம் இன்னும் உயர்வு. இங்கே கடன் கிடைக்கும் வழிகளும் அதிகம் என்பதால், அந்த உயர்வை வறுமையின் அளவாக மட்டும் படிப்பது தவறாகிவிடும்.

இதுவரை சொல்லப்பட்ட விடைகளில் பெரும்பாலானவை மாதத்தின் மொத்தத் தொகையைப் பார்க்கின்றன. பணம் வரும் நாளும் போக வேண்டிய நாளும் பொருந்தாமல் இருப்பதை அவை போதிய அளவு பார்க்கவில்லை. அந்தக் குறையை அளவுகோலாக வைத்து அவற்றைப் பரிசீலிக்கலாம்.

சிக்கனம் என்ற பழைய விடை

வருவாய் சிறிதாக இருந்தாலும் செலவு அதைத் தாண்டாவிட்டால் கேடு இல்லை என்ற கருத்தை வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் வைத்தார். அந்த அதிகாரம் பொருட்பாலில், ஆள்பவனை முன்னிறுத்திப் பேசும் பகுதியில் இருப்பதை மறந்துவிட்டே நாம் அதை வீட்டுக்குப் பொருத்துகிறோம். கருவூலம் உள்ளவனுக்கு வரவு குறைந்த ஆண்டும் ஓர் ஆண்டுதான். தினக்கூலிக்காரருக்கு வேலை இல்லாத நான்கு நாள்களே ஒரு நெருக்கடி. அளவறிந்து வாழ் என்ற அறிவுரை, அளவு நாளுக்கு நாள் மாறும் வீட்டில் எதை அளவாகக் கொள்வது என்று சொல்வதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்விடை ஆட்சியாளர்களின் மொழியில் திரும்பி வந்தது. விவசாயி கல்யாணத்துக்கும் சடங்குக்கும் வாரி இறைக்கிறான், அதனால் கடன்படுகிறான் என்பது அன்றைய அதிகாரிகள் பலரின் முடிவு. ஆனால் 1875இல் வட்டிக்காரர்களுக்கு எதிராக விவசாயிகள் எழுந்த தக்காணக் கலகங்களை விசாரித்த ஆணையமே, கல்யாணச் செலவுக்குக் கடன் காரணங்களில் அளவுக்கு மீறிய இடம் தரப்படுகிறது என்று கருதியது. பஞ்சாப் விவசாயியின் கடன் பற்றி மால்கம் டார்லிங் 1925இல் வெளியிட்ட நூல் இன்னும் கூர்மையான ஒன்றைச் சொன்னது: நிலத்தின் விலை ஏறினால் அதன்மேல் வாங்கக்கூடிய கடனும் ஏறுகிறது, ஆகவே வளமும் கடனும் சேர்ந்தே வளரலாம். நிலத்தின் இடத்தில் நகையை வைத்துப் பார்த்தால் இன்றைய தமிழ்நாடு தெரியும். தங்கம் விலை ஏறும்போதெல்லாம் அதே வளையலை மறு அடகு வைத்துக் கூடுதல் தொகை வாங்க முடிகிறது. அந்தத் தொகை வந்த மாதம் வீடு நிம்மதியாக இருக்கிறது. நகையை மீட்கும் நாள் மட்டும் தள்ளிப்போகிறது.

சிக்கனம் பேசுவோர் எதிர்கொள்ள வேண்டிய கடினமான கேள்வி, வெட்டுவதற்கு என்ன இருக்கிறது என்பது. 2023–24ஆம் ஆண்டின் நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில், ஊரகக் குடும்பங்களின் நுகர்வுச் செலவில் சுமார் 47 சதவீதமும் நகர்ப்புறத்தில் சுமார் 40 சதவீதமும் உணவுக்கே போயின. வருமானம் குறையக் குறைய உணவின் பங்கு கூடும் என்று எர்ன்ஸ்ட் எங்கெல் 1857இலேயே காட்டியிருக்கிறார். ஆக, வருமானத்தின் கடைசித் தட்டில் உள்ள வீட்டில் வெட்டுக்குக் கிடைப்பவை மருந்து, பள்ளிக்கூடம், மொய் ஆகியவைதாம். மொய்யை வீண் என்று தள்ளிவிடவும் முடியாது. புதுக்கோட்டை, தஞ்சாவூர் வட்டாரங்களில் ஆடி மாதம் நடக்கும் மொய் விருந்து, நோட்டில் எழுதி வைத்துத் திருப்பிச் செய்யப்படும் வட்டியில்லாக் கடன் ஏற்பாடு. அதிலிருந்து விலகும் குடும்பம் ஒரு செலவைக் குறைக்கிறது. தனக்குத் தேவைப்படும் நாளில் திரண்டு வரக்கூடிய பணத்தையும் இழக்கிறது.

வட்டியைக் கட்டுப்படுத்துதல்

இரண்டாவது விடை, குற்றம் கடனாளியிடம் இல்லை, வட்டியிடம் இருக்கிறது என்பது. சென்னை மாகாணத்துக்கு இதில் முன்னோடி இடம் உண்டு. நிலவங்கிகள் குறித்து ஃபிரெடரிக் நிக்கல்சன் 1890களில் அளித்த அறிக்கையும் 1904ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டமும் லேவாதேவிக்காரருக்கு மாற்று தேடின. 1938இல் ராஜாஜி அமைச்சரவை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் 1951–52ஆம் ஆண்டின் அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வு, விவசாயிகள் வாங்கிய கடனில் கூட்டுறவின் பங்கு சுமார் 3 சதவீதமே என்றும் வட்டிக்கு விடுவோரின் பங்கு 70 சதவீதத்தை ஒட்டி இருந்தது என்றும் கண்டது. 2019இல் ஊரகக் கடனில் வங்கி, கூட்டுறவு முதலிய நிறுவனங்களின் பங்கு சுமார் 66 சதவீதம். இந்த மாற்றம் பெரிய சாதனை. அதைக் குறைத்துப் பேசக் கூடாது.

கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது. கடன் வசூலில் மிரட்டலைத் தண்டிக்க 2025இல் மற்றொரு சட்டமும் வந்தது. இருந்தும் தண்டல் ஓயவில்லை. 10,000 ரூபாய் கடன் என்று சொல்லி 1,500ஐ முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 8,500 கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வசூலிக்கும் ஏற்பாட்டை எடுத்துக்கொள்வோம். வாங்குபவருக்கு இது 15 சதவீத வட்டியாகத் தெரியும். குறைந்துவரும் நிலுவையைக் கணக்கிட்டால் ஆண்டுக்குச் சுமார் 120 சதவீதம். ‘பிளாட் ரேட்’ 12 சதவீதம் என்று சொல்லி இரண்டாண்டுத் தவணையில் தரப்படும் கடனும் உண்மையில் 22 சதவீதத்தை ஒட்டி வரும்.

இவ்வளவு வட்டிக்கு ஏன் வாங்குகிறார்கள்? அறியாமை ஒரு பகுதிக் காரணமாக இருக்கலாம். ஆனால் தண்டல்காரர் இரவில் கதவைத் திறக்கிறார், காகிதம் கேட்பதில்லை, ஒருநாள் தவறினால் மறுநாள் சேர்த்து வாங்கிக்கொள்கிறார். வங்கித் தவணையோ ஐந்தாம் தேதி கணக்கில் பணம் இல்லையென்றால் தாமதக் கட்டணத்தோடு கடன் வரலாற்றிலும் பதிவாகிறது. வட்டியை மட்டும் பார்ப்பவர்கள் இந்த நெகிழ்வுக்கு மக்கள் கொடுக்கும் விலையைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

தள்ளுபடியும் இந்த வரிசையில் சேரும். 2021இல் தமிழ்நாடு அரசு 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனையும், பின்னர் கூட்டுறவு வங்கிகளில் 5 பவுன் வரையிலான நகைக்கடனையும் தள்ளுபடி செய்தது. அது கடனின் ஒரு வகையை மட்டுமே தொடும். தள்ளுபடி பெறும் வீட்டிலேயே கைமாத்தும் மாதம் நூற்றுக்கு மூன்று வட்டிக் கடனும் அப்படியே இருக்கக்கூடும்.

கணக்கு நோட்டும் சதவீத விதிகளும்

மூன்றாவது விடை கல்வி சார்ந்தது: வரவு செலவை எழுது, திட்டமிடு. இன்று தமிழ்க் காணொளிகளில் பெருவழக்காக இருக்கும் 50–30–20 விதியை, எலிசபெத் வாரனும் அவர் மகள் அமீலியா வாரன் தியாகியும் 2005இல் ஒரு நூலில் பரப்பினர். தேவைக்குப் பாதி, விருப்பத்துக்கு 30, சேமிப்புக்கும் கடனுக்கும் 20. அமெரிக்க நடுத்தர வர்க்கத்துக்காக, அவர்களுடைய வீட்டுக் கடனையும் கார்க் கடனையும் மனத்தில் வைத்து உருவான அந்தப் பிரிப்பை, மாதம் 20,000 ரூபாயில் நான்கு பேர் வாழும் வீட்டில் வைத்தால் 30 சதவீத விருப்பம் எங்கிருந்து வரும் என்று தெரியவில்லை.

நிதிக் கல்வி குறித்த ஆய்வுகளும் ஒருமுகமாக இல்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான ஒரு மதிப்பீடு, மக்களின் பண நடத்தையில் உள்ள வேறுபாட்டில் சுமார் 0.1 சதவீதத்தை மட்டுமே இத்தகைய பயிற்சிகள் விளக்குகின்றன என்றது. சமவாய்ப்பு முறையில் நடந்த சோதனைகளை மட்டும் சேர்த்து 2022இல் வந்த மற்றொரு தொகுப்பு, பயன் உண்டு என்று சொன்னது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கையில், கணக்கு எழுதுவது தன்னளவில் கடனை அடைக்காது, ஆனால் முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் கையில் இருந்தால் உதவலாம் என்ற அளவுக்கே துணிய முடிகிறது.

பணத்தைப் பெயரிட்டுப் பிரித்து வைப்பதற்குச் சற்று நம்பிக்கையான சான்று இருக்கிறது. திலீப் சோமனும் அமர் சீமாவும் இந்தியக் கட்டடத் தொழிலாளர்களிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், சேமிப்பை உறையிலிட்டுத் தனியே வைத்தவர்கள், அதிலும் பிள்ளைகளின் படம் ஒட்டிய உறையில் வைத்தவர்கள், கூடுதலாகச் சேமித்தனர். கென்யாவில் பூட்டுள்ள ஓர் எளிய இரும்புப் பெட்டி மருத்துவச் சேமிப்பைக் கூட்டியது என்று பாஸ்கலின் துபாவும் ஜோனதன் ராபின்சனும் 2013இல் காட்டினர். அரிசிப் பானைக்குள்ளும் அஞ்சறைப் பெட்டிக்குள்ளும் சிறுவாடு சேர்த்த பெண்களுக்கு இது புதிய செய்தியல்ல.

அடைக்கும் வரிசை

கையில் மிஞ்சும் சிறு தொகையை எந்தக் கடனில் போடுவது என்பதே மேற்கத்திய வாதத்தில் அதிகம் பேசப்பட்டது. ஒரு தரப்பு, வட்டி அதிகமானதை முதலில் அடை என்கிறது. கணக்கின்படி இதுவே சரி. மற்றத் தரப்பு, தொகை சிறியதை முதலில் அடை என்கிறது. ஒரு கடன் முழுதாக ஒழிந்த தெம்பில் மற்றதையும் தொடர முடியும் என்பது அதன் வாதம். டேவிட் காலும் பிளேக்லி மெக்ஷேனும் 2012இல் வெளியிட்ட ஆய்வு, கடன்களை ஒவ்வொன்றாக மூடியவர்களே முழுவதையும் அடைத்து முடிக்கும் வாய்ப்பு அதிகம் என்று கண்டது. அதற்கு முந்தைய ஆண்டில் டான் ஏரியலியும் உடன் ஆய்ந்தோரும், சிறியதை மூடும் ஆசையில் மக்கள் வட்டியை வீணே கூட்டிக்கொள்கிறார்கள் என்று எச்சரித்திருந்தனர்.

இந்த விவாதம் கடன் அட்டைகளை வைத்து நடந்தது. அட்டைகளுக்குள் வேறுபாடு வட்டியிலும் தொகையிலும் மட்டுமே. நம் ஊர்க் குடும்பத்தின் கடன்கள் அப்படி ஒரே இனம் அல்ல. மச்சானிடம் வாங்கிய 10,000 ரூபாய் கைமாத்து, 60,000 ரூபாய் மகளிர் குழுக்கடன், வங்கியில் ஒரு லட்சத்துக்கு நகை, 15,000 ரூபாய் தண்டல் என்று ஒரு வீட்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வட்டிக் கணக்குப்படி தண்டல் முதலில், கைமாத்து கடைசியில். தொகைக் கணக்குப்படி கைமாத்து முதலில். குழுக்கடனில் ஒருவர் தவறினால் மற்றப் பெண்கள் வாசலில் வந்து நிற்பார்கள் என்பதால் அது எந்தப் பட்டியலுக்கும் அடங்காமல் முன்னே வந்துவிடும்.

வட்டியே இல்லாத கைமாத்தை முதலில் கொடுத்துவிடும் குடும்பங்கள் கணக்குத் தெரியாமல் அப்படிச் செய்வதாகக் கருதத் தேவையில்லை. அடுத்த மாதம் ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் காகிதமும் வட்டியும் இல்லாமல் கொடுக்கக்கூடியவர் மச்சான் ஒருவரே. அவரிடம் சொன்ன தேதியில் கொடுப்பது, மறுபடி கேட்கும் உரிமையைக் காப்பாற்றுவது. மானமும் இதில் இருக்கிறது, முன்னேற்பாடும் இருக்கிறது. நகையை மீட்பதும் அப்படித்தான். மீட்ட நகை, அவசரத்தில் அரை மணி நேரத்தில் பணமாகும் கையிருப்பு. எந்தக் கடனை அடைத்தால் எவ்வளவு வட்டி மிஞ்சும் என்பதோடு, எதை அடைத்தால் எந்தக் கதவு மீண்டும் திறக்கும் என்பதையும் பார்க்காத வரிசை முறை இங்கே அரைகுறையானது என்றே கருதுகிறேன்.

கோயம்பேடும் சிங்கப்பூரும்

கடனை மொத்தமாக அடைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சான்று சென்னையிலிருந்தே கிடைக்கிறது. கோயம்பேடு சந்தையின் சிறு வியாபாரிகளில் பலர் காலையில் கடன் வாங்கிச் சரக்கெடுத்து, மாலையில் வட்டியோடு திருப்பி, மறுநாள் மீண்டும் வாங்குகிறார்கள். நாள்வட்டி நூற்றுக்கு 5 என்றும் தேவை 1,000 ரூபாய் என்றும் வைத்துக் கணக்கிட்டால், முதலில் நாளுக்கு 5 ரூபாயைக் கடனில் குறைத்து, மிஞ்சும் வட்டியையும் அதிலேயே சேர்த்துவந்தால் சுமார் 50 நாளில் சொந்த முதல் உருவாகிவிடும். ஆனால் ஆண்டுக்கணக்கில் அது நடப்பதில்லை.

டீன் கார்லன், செந்தில் முல்லைநாதன், பெஞ்சமின் ராத் மூவரும் இந்தியாவிலும் பிலிப்பைன்சிலும் வியாபாரிகளின் வட்டிக் கடனைத் தாங்களே அடைத்துப் பார்த்தனர். 2019இல் வெளியான முடிவு: பெரும்பாலோர் ஆறு வாரங்களுக்குள் மீண்டும் கடனுக்குப் போனார்கள். ஓரிரு ஆண்டுகளுக்குப் பின் பார்த்தபோது, உதவி பெறாதவர்களுக்கும் இவர்களுக்கும் கடன் வாங்குவதில் வேறுபாடு இல்லை.

அதே ஆண்டில் சிங்கப்பூரிலிருந்து மாறான ஒரு செய்தி வந்தது. ஒரு தொண்டு நிறுவனம் குறைந்த வருமானமுள்ளோரின் நாள்பட்ட கடனை அடைக்க உதவியது. உதவி பெற்ற 196 பேரைக் கியான் ஓங்கும் உடன் ஆய்ந்தோரும் முன்னும் பின்னும் பரிசோதித்தனர். பதற்றம் குறைந்தது, கவனமும் முடிவெடுக்கும் பாங்கும் மேம்பட்டன. ஒரே அளவு தொகையானாலும், அது எத்தனை கடன் கணக்குகளை முழுதாக மூடியதோ அதற்கேற்ப நன்மை கூடியது. தலையில் சுமந்து நினைவு வைத்திருக்க வேண்டிய கடன்களின் எண்ணிக்கையே ஒரு பாரம் என்பது அவர்களின் விளக்கம்.

இரண்டும் முரண்படுகின்றனவா? அவசியம் இல்லை. சிங்கப்பூர் ஆய்வு சில மாதங்களுக்குள் அளந்தது. சமவாய்ப்பு முறையில் பிரித்த குழுக்கள் அதில் இல்லை. அங்கே வீட்டு வாடகைக்கும் மருத்துவத்துக்கும் அரசின் தாங்கல் ஓரளவு உண்டு. சந்தை வியாபாரிகளுக்குக் கடன் நீங்கியது, கையிருப்பு வரவில்லை. சரக்கு அழுகினாலோ பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலோ அவர்கள் போக வேண்டிய இடம் பழைய இடமே. இவ்விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. சோதனை அதை நிறுவிவிட்டதாகச் சொல்ல முடியாது.

பணமுடை அறிவின் வேகத்தையே குறைக்கிறது என்ற வாதமும் தமிழ் மண்ணில் சோதிக்கப்பட்டது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகள் 464 பேர், வெட்டுக்கு முன் எழுதியதைவிட வெட்டுப் பணம் வந்தபின் சிந்தனைத் தேர்வுகளைச் சிறப்பாகச் செய்தனர் என்று 2013இல் வெளியானது. அதே தேர்வை இரண்டாம் முறை எழுதிய பழக்கமே காரணமாகலாம் என்ற மறுப்பு உடனே எழுந்தது. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்து 2016இல் வந்த ஆய்வு அத்தகைய வேறுபாட்டைக் காணவில்லை. இந்தக் கருத்தை ஏற்பவர்களும் அதை முடிந்த முடிவாகக் கையாளாமல் இருப்பது நல்லது.

தேதிகளின் சிக்கல்

ஏழைக் குடும்பங்களின் பண நாட்குறிப்புகளை இந்தியா, வங்கதேசம், தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் திரட்டி டாரில் காலின்ஸ், ஜோனதன் மார்டக், ஸ்டூவர்ட் ரதர்ஃபோர்ட், ஆர்லண்டா ருத்வென் நால்வரும் 2009இல் ஒரு நூல் எழுதினர். வருமானம் குறைவு என்பதோடு, அது ஒழுங்கற்று வருகிறது என்பதும் பொருத்தமான கடன், சேமிப்பு வழிகள் இல்லை என்பதும் அவர்கள் முன்வைத்த மும்முனைச் சிக்கல். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன குறையை நேராகத் தொட்டது இந்நூல்.

திருப்பூர் பனியன் தொழிலாளிக்குப் பெரும்பாலும் சனிக்கிழமை சம்பளம். வீட்டு வாடகை மாதத்துக்கு ஒருமுறை. குழுக்கடன் வாரத்துக்கோ இரு வாரத்துக்கோ. பள்ளிக் கட்டணம் ஜூனில், துணிமணி ஐப்பசியில், முகூர்த்த மொய் வைகாசியிலும் ஆவணியிலும், போனஸ் தீபாவளிக்கு மட்டும். ஆர்டர் குறைந்த வாரத்தில் கூலியும் குறையும். ஆண்டு முழுவதையும் கூட்டினால் வரவும் செலவும் நேராகக்கூடிய வீடும் இடையில் மூன்று முறை அடகுக் கடைக்குப் போக நேரிடுகிறது. தீபாவளிச் சீட்டும் நகைச் சீட்டும் ஏலச் சீட்டும் இந்தப் பொருந்தாமையைச் சமாளிக்க மக்களே கண்ட வழிகள்.

எரிகா ஃபீல்டும் ரோகிணி பாண்டேயும் கொல்கத்தாவில் செய்த ஆய்வுகள் இங்கே முக்கியமானவை. வாரத் தவணையை மாதத் தவணையாக மாற்றியதால் வராக்கடன் கூடவில்லை, பெண்களின் கவலை கணிசமாகக் குறைந்தது. முதல் தவணைக்கு இரண்டு மாத அவகாசம் கொடுத்தபோது தொழில் முதலீடும் லாபமும் கூடின. ஆனால் கடன் தவறியவர்களும் கூடினர். நெகிழ்வுக்கு விலை உண்டு, அதை யார் ஏற்பது என்பதே பேச வேண்டியது.

ஒழுங்குமுறை இன்னும் தொகையையே பார்க்கிறது. ரிசர்வ் வங்கி 2022இல், ஆண்டு வருமானம் 3 லட்சம் வரையுள்ள குடும்பங்களின் மாதத் தவணைகள் மொத்தம் அவர்கள் மாத வருமானத்தின் பாதியைத் தாண்டக் கூடாது என்று விதித்தது. நல்ல நோக்கம். ஆனால் செலவில் ஏறக்குறைய பாதி உணவுக்கே போகும் வீட்டில், வருமானத்தின் மறுபாதி தவணைக்குப் போனால் வாடகைக்கும் வைத்தியத்துக்கும் என்ன மிஞ்சும்? அந்த வரம்பு அடித்தட்டுக்கு மிகத் தளர்வானது என்று எண்ண இடமிருக்கிறது.

சமாளிப்பவர் யார்

குடும்பம் என்று பொதுவாகச் சொல்லும்போது அதற்குள் நடக்கும் வேலைப் பிரிவினை மறைந்துவிடுகிறது. வடதமிழகத்தின் கிராமங்களில் நெடுங்காலம் ஆய்ந்த இசபெல் கெரன், சந்தோஷ் குமார், ஜி. வெங்கடசுப்ரமணியன் ஆகியோர் 2023இல் வெளியிட்ட நூல், கடனை வாங்குவது, புரட்டுவது, ஒன்றை வாங்கி மற்றதைக் கட்டுவது, வசூலுக்கு வருபவரை எதிர்கொள்வது ஆகியவை பெண்களின் கூலியில்லா வேலையாகிவிட்டன என்கிறது. 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் குழுக்கள் பெண்கள் கைக்குக் கடனைக் கொண்டுவந்தன. திருப்பிக் கட்டும் பொறுப்பும் அதோடு வந்தது. குழுக்கள் தந்த துணிவையும் நட்பையும் இவ்வாதம் சில நேரம் குறைத்து மதிப்பிடுகிறது. ஆயினும் செலவைச் சுருக்கு என்ற அறிவுரை, வீட்டில் யார் தட்டில் சுருங்குகிறது என்று கேட்க வைத்தது இவ்வாய்வுகளின் பெரும் பயன்.

2023 செப்டம்பர் 15 முதல் வழங்கப்படும் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய், பெண்களுக்குப் பேருந்தில் கட்டணமில்லா விடியல் பயணம், ரேஷன் அரிசி ஆகியவை இந்தப் பின்னணியில் கவனிக்கத்தக்கவை. அவை சிறு உதவிகள்தாம். ஆனால் தேதி மாறாமல், பெண் பெயரில், மாதத்தின் நடுவில் வரும் வரவுக்கு அதன் அளவை மீறிய பயன் இருக்கக்கூடும்.

தீராமல் இருப்பவை

கடன் அடைத்துக்கொண்டே கையிருப்பும் வைக்க வேண்டும் என்று மேலே கண்ட சான்றுகள் சாய்கின்றன. எவ்வளவு என்பதற்கு விடை இல்லை. ஆண்டுக்கு 36 சதவீத வட்டி, அதாவது மாதம் நூற்றுக்கு மூன்று வட்டி, ஓடிக்கொண்டிருக்கும்போது 3,000 ரூபாயை உண்டியலில் வைத்திருப்பது மாதம் 90 ரூபாய் இழப்பு. அந்த 3,000 இல்லாததால் பத்து வட்டிக்கு ஓட நேர்ந்தால் இழப்பு அதைவிடப் பெரிது. எது நேரும் என்பது அந்த வீட்டின் உடல்நலம், வேலையின் உறுதி, உறவின் நெருக்கம் ஆகியவற்றைப் பொறுத்தது. பொதுவான ஒரு எண்ணை எந்த ஆய்வும் தந்துவிடவில்லை. ஒரு வாரக் கூலியை முதல் இலக்காகக் கொள்வது நியாயமாகத் தோன்றுகிறது என்பதற்கு மேல் என்னால் போக முடியவில்லை.

இரண்டாவது, கடனை அடைப்பதோடு கையிருப்பையும் சேர்த்துக் கொடுத்தால் கோயம்பேட்டு வியாபாரிகள் மீண்டும் கடனுக்குப் போவார்களா என்பது. அந்தச் சோதனையை நம் சந்தைகளிலேயே செய்யலாம். தவணைத் தேதியைக் கடனாளியின் சம்பள நாளுக்கு மாற்றிக்கொடுக்கும் சோதனைக்குச் செலவு இன்னும் குறைவு. கூட்டுறவு வங்கிகளே அதைத் தொடங்கலாம். தள்ளுபடிக்குக் கோடிகளை ஒதுக்கும் மாநிலத்தில் இவ்விரண்டுக்கும் பணம் இல்லாமல் போகாது.

மூன்றாவது கேள்வி கணக்கெடுப்புகளுக்கு உரியது. ஒரு குடும்பத்தின் கடன் எவ்வளவு என்று அவை கேட்கின்றன. எத்தனை பேரிடம், எந்தெந்தத் தேதியில் கட்ட வேண்டும், தவறினால் வாசலுக்கு யார் வருவார்கள் என்பவற்றையும் கேட்டுப் பதிவு செய்யும்வரை, எந்தக் கடனை முதலில் அடைப்பது என்ற கேள்விக்கு அந்தந்த வீட்டுப் பெண் சொல்லும் விடைக்கே ஆய்வுகளின் விடையைவிட அதிக எடை தர வேண்டியிருக்கிறது.